அழுகுரலும் பெயர்ப்பதிவும்: கடல் கடந்த தமிழரை நம் இலக்கியம் கண்ட விதம்

2025 நவம்பரில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தமிழ்நாட்டில் தொடங்கியபோது, ஆலங்காயத்தில் எங்கள் தெருவின் தகரப் பெட்டிகள் எல்லாம் திறக்கப்பட்டன. இருபதாண்டுகளுக்கு முந்திய பட்டியலில் தம் பெயரோ பெற்றோர் பெயரோ இருந்ததா என்று பார்க்க முதியவர்கள் பழைய காகிதங்களைச் சுமந்துகொண்டு வந்தார்கள். ஒரே மனிதர் ஒரு காகிதத்தில் அப்துல் கஃபூர். மற்றொன்றில் அப்துல் கபூரு. வேறொன்றில் கபூர் சாகிப். அதற்குச் சில மாதங்களுக்கு முன், பீகாரில் இதே வேலை நடந்துகொண்டிருந்த ஜூலை மாதத்தில், வாணியம்பாடி டேனரி ஒன்றில் வேலை செய்யும் பீகார் இளைஞர் ஒருவர் ஜும்ஆவுக்குப் பின் என்னை அணுகி, ஊரிலிருந்து கைப்பேசியில் வந்த படிவத்தை உருதுவில் விளக்குமாறு கேட்டார். இரண்டு இடத்திலும் கேள்வி ஒன்றுதான்: ஏட்டில் உன் பெயர் இருக்கிறதா?

இக்கேள்வி புதியதன்று. நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன், நம் கரையிலிருந்து பல்லாயிரம் கல் தொலைவில், கரீபியன் கடலின் தீவொன்றில், தமிழ்ப் பெயர் தாங்கிய ஒருவர் இதே கேள்வியை எதிர்கொண்டு ஏறத்தாழ இருபதாண்டுகள் வழக்காடினார். அவ்வழக்கைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். தமிழ் இலக்கிய வரலாறுகளில் அந்நூலுக்கு இடமில்லை. அது பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்டது என்பது அதற்கொரு காரணம். ஆயினும் கடல் கடந்த தமிழரைப் பற்றி நம் இலக்கியம் எழுதியவற்றை மதிப்பிட அந்நூல் ஓர் உரைகல்லாகும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

குவாதலூப் வழக்கு

பிரான்சு தன் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை 1848இல் ஒழித்தது. கரும்புத் தோட்ட முதலாளிகளுக்கு ஆள் பற்றாக்குறை வந்தது. அவர்களுடைய பார்வை புதுச்சேரி, காரைக்கால் துறைகளின்மேல் விழுந்தது. 1853இல் ‘ஒரேலி’ என்னும் கப்பல் மார்த்தினிக் தீவுக்கு முதல் ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டு சென்றது. அடுத்த ஆண்டு டிசம்பர் இறுதியில் அதே கப்பல் குவாதலூப் தீவை அடைந்தது. 1889 வரை குவாதலூப்புக்கு மட்டும் ஏறத்தாழ 42,000 பேரும், மார்த்தினிக்கிற்கு ஏறத்தாழ 25,500 பேரும் அனுப்பப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் தமிழ் பேசும் நாட்டினர். ஒப்பந்தம் ஐந்தாண்டுக்கு. பிரெஞ்சு, பிரித்தானிய அரசுகளுக்கிடையே 1861இல் ஏற்பட்ட உடன்படிக்கை பிரித்தானிய இந்தியாவிலிருந்தும் ஆள் எடுக்க வழி செய்தது. அதே உடன்படிக்கை, பின்னர் அம்மக்களின் பிள்ளைகளுக்கு எதிரான வாதத்துக்கும் இடங்கொடுத்தது.

குவாதலூப்பின் கபெஸ்தேர் என்னும் ஊரில் 1863இல் பிறந்தவர் ஆன்ரி சிதாம்பரோம். சிதம்பரம் என்ற பெயர் பிரெஞ்சு எழுத்தரின் காதில் விழுந்து ஏட்டில் ஏறிய வடிவம் அது. முத்துசாமியும் வீரப்பனும் அத்தீவுகளில் இவ்வாறே உருமாறினர். 1904இல் வாக்காளர் பட்டியல் திருத்தப்பட்டபோது, குவாதலூப்பிலேயே பிறந்த இந்திய வழித்தோன்றல்கள் அதில் இடம்பெறுவதை ஆளுநர் ஆட்சேபித்தார். அவர்கள் பிரித்தானியக் குடிகள் என்பது அரசு தரப்பின் நிலை. பிரெஞ்சு மண்ணில் பிறந்து, பிரெஞ்சுச் சட்டத்தின்கீழ் வாழ்ந்து, அத்தீவுக்கு உழைத்தவர்கள் அத்தீவின் குடிமக்களே என்பது சிதாம்பரோம் தரப்பின் நிலை. வழக்கு நீண்டது. 1923இல், ரெய்மோன் புவான்கரே பிரெஞ்சுத் தலைமை அமைச்சராக இருந்த காலத்தில், இந்திய வழித்தோன்றல்களின் குடியுரிமையும் வாக்குரிமையும் ஏற்கப்பட்டன. வழக்கு தொடங்கியபோது நாற்பது வயதை எட்டியிருந்தவர் அறுபதைத் தொட்டிருந்தார். 1952இல் அவர் காலமானார்.

இவ்வழக்கின் வரலாற்றை அவரே நூலாக்கினார். ‘அரசியல் வழக்கு’ என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். குவாதலூப்பில் பிறந்த ‘இந்துக்களின் பிள்ளைகளுடைய’ வாக்குரிமைக்கு ஆளுநர் எழுப்பிய ஆட்சேபம் என்று அதன் துணைத்தலைப்பு நீளுகிறது. இங்கே ஒரு சொல் விளக்கம் தேவை. அக்காலப் பிரெஞ்சு வழக்கில் ‘இந்து’ என்பது சமயத்தைக் குறித்த சொல்லன்று; இந்தியாவிலிருந்து வந்த அனைவரையும் குறித்தது. கப்பலேறியவர்களில் முஸ்லிம்களும் இருந்தனர். அவர்களுடைய பிள்ளைகளும் அச்சொல்லுக்குள் அடங்கினர். ஆகவே அவ்வழக்கு நம்முடையதும்தான்.

தலைப்பே நூலின் இயல்பைச் சொல்லிவிடுகிறது. அதில் ஆளுநரின் பெயர் உண்டு. எதிர்வாதத்தின் பெயர் உண்டு. கோரப்படும் உரிமையின் பெயர் உண்டு. கண்ணீர் என்ற சொல் இல்லை. நூலாசிரியர் தம் மக்களை யாரேனும் இரங்கவேண்டிய பொருளாக நிறுத்தவில்லை. சட்டத்தின் முன் நிற்கும் தரப்பாக நிறுத்துகிறார். இவ்வொரு நிலைப்பாட்டை மனத்தில் கொண்டு நம் இலக்கியத்தின் பக்கம் திரும்புவோம்.

கரையில் நின்ற கவிதை

கடல் கடந்த தமிழ்க் கூலியைப் பற்றி எண்ணும்போது நம் நினைவுக்கு முதலில் வருவது பாரதியாரின் ‘கரும்புத் தோட்டத்திலே’. பிஜித் தீவின் பெண்களைப் பற்றிய அப்பாடலின் ஆற்றலை ஐயுறுவார் இலர். பள்ளிப் பருவத்தில் அதைப் படித்த எவரும் கரும்பைக் கடிக்கும்போது ஒருமுறையேனும் அதை எண்ணியிருப்பர். அக்காலத்தில் ஒப்பந்தக் கூலி முறைக்கு எதிராக இந்தியாவில் எழுந்த பொதுக்கருத்தில் இத்தகைய எழுத்துகளுக்குப் பங்குண்டு. 1917இல் ஆள் எடுப்பது நிறுத்தப்பட்டு, 1920இல் அம்முறை முடிவுக்கு வந்தது. இதை மறுத்துவிட்டுச் செய்யும் எத்திறனாய்வும் நேர்மையானதாகாது.

எனினும் அப்பாடலை ஒருமுறை மெதுவாகப் படித்துப் பார்க்கவேண்டும். அதில் பெண்கள் அழுகிறார்கள்; அவ்வழுகை நம்மை வந்து சேர்கிறது; ஆனால் அவர்கள் பேசுவதில்லை. அவர்களுக்குப் பெயர் இல்லை. தமக்கு என்ன வேண்டும் என்று அவர்கள் யாரிடமும் கேட்பதில்லை. கவிஞர் இக்கரையில் நின்று அக்கரையின் விம்மலைக் கேட்கிறார். இயற்கையிடமும் தெய்வத்திடமும் முறையிடுகிறார். தோட்ட முதலாளியும் ஆளுநரும் அம்முறையீட்டின் முகவரியில் இல்லை.

புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ இதைவிட ஒருபடி நெருங்கி வருகிறது. அங்கே பெண்ணுக்கு மருதி என்று பெயர் இருக்கிறது, ஊர் இருக்கிறது, இலங்கைத் தேயிலைத் தோட்டம் கண்முன் நிற்கிறது. ஆள் பிடிப்போரின் தந்திரமும் துரைமார்களின் கொடுமையும் கூசாமல் எழுதப்பட்டுள்ளன. ஆயினும் மருதியின் வாழ்வு சிதைந்துகொண்டே போவதுதான் கதையின் போக்கு. துன்பத்தைக் கேணி என்று பெயரிட்டபோதே அதிலிருந்து ஏறிவரப் படி இல்லை என்பதும் முடிவாகிவிட்டது. அக்கதை எழுதப்பட்ட 1930களில் கோ. நடேசய்யர் இலங்கையில் தோட்டத் தொழிலாளரைச் சங்கமாகத் திரட்டிக்கொண்டிருந்தார், பத்திரிகை நடத்தினார், சட்டசபையில் பேசினார். கதைக்குள் அந்தக் காற்று வீசவில்லை. இதைக் குறையென்று சொல்வதைவிட அக்கால இலக்கியத்தின் பார்வை எல்லை என்று சொல்வது பொருந்தும். எழுதுவோன் ஊரில் இருந்தான். புலம்பெயர்ந்தோன் தொலைவில் இருந்தான். இடையில் இருந்தது இரக்கம் ஒன்றே.

அவ்வெல்லையை உடைத்தவர் சி. வி. வேலுப்பிள்ளை. மலையகத் தோட்டத்தில் பிறந்தவர், தொழிற்சங்கவாதி, 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்றவர். மறு ஆண்டே இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் தேர்தல் சட்டத் திருத்தம் வந்தது. அவரைத் தேர்ந்தெடுத்த தொழிலாளரின் வாக்குரிமை பறிபோனது. 1952இல் இலங்கை இந்தியக் காங்கிரசு சத்தியாக்கிரகம் நடத்தியது. அவ்வியக்கத்தின் முன்னணித் தலைவர்களுள் ஒருவரான அப்துல் அஸீஸ் என்பாரின் பெயர் நம் வாசகர்களுக்கு இன்னும் அறிமுகமாகவேண்டிய ஒன்று. முஸ்லிமான அவர், பெரும்பாலும் இந்துக்களான தோட்டத் தொழிலாளரின் உரிமைக்காகத் தம் பொதுவாழ்வைச் செலவிட்டார். 1956க்குப் பின் ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரசை வழிநடத்தினார்.

வேலுப்பிள்ளை 1954இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட தேயிலைத் தோட்டக் கவிதை நூல் பெரிதும் இரங்கற்பாவின் தொனி உடையது. ஆனால் அவருடைய ‘நாடற்றவர் கதை’ என்னும் தலைப்பைப் பாருங்கள். ‘ஏழைகள் கதை’ என்றோ ‘கண்ணீர்க் கதை’ என்றோ அவர் பெயரிடவில்லை. நாடற்றவர் என்பது சட்டத்தின் சொல். அச்சொல்லைத் தலைப்பில் வைக்கும்போதே, இத்துன்பம் விதியால் வந்ததன்று, ஒரு சட்டத்தால் வந்தது, இன்னொரு சட்டத்தால் நீங்கும் என்பது சொல்லப்பட்டுவிடுகிறது. நீங்குவதற்குத் தலைமுறைகள் ஆயின. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று மனிதர்களை எண்ணாகப் பங்கிட்டது. நாடற்றோர் பிரச்சினைக்கு இலங்கை நாடாளுமன்றம் இறுதியாகச் சட்டம் இயற்றியது 2003இல். குவாதலூப்பில் பத்தொன்பது ஆண்டு. இலங்கையில் ஐம்பத்தைந்து ஆண்டு.

மனு என்னும் இலக்கிய வகை

மனுவை இலக்கியம் என்று சொல்லலாமா என்று சிலர் கேட்கக்கூடும். நம் அரபு மரபில் ரிஸாலா, அதாவது மடல், ஓர் உயர்ந்த உரைநடை வகை. ஆட்சியாளருக்கு எழுதிய மடல்கள் பாடமாக ஓதப்படுகின்றன. சொல்லவேண்டியதை உரியவரிடம் உரிய முறையில் சொல்வதே பலாகத் என்று அணியிலக்கண நூல்கள் கற்பிக்கின்றன. அவ்வளவுகோலை வைத்துப் பார்த்தால், நல்ல மனுவைவிடப் பலாகத் நிறைந்த எழுத்து அரிது.

கரீபியனில் சிதாம்பரோம் வழக்குத் தொடங்குவதற்குப் பத்தாண்டுகள் முன்பே, தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் இத்தகைய மனு ஒன்று எழுந்தது. நேட்டாலுக்குச் சென்னைத் துறைமுகம் வழியாகக் கப்பலேறியோரில் நம் பழைய வட ஆர்க்காட்டு மாவட்டத்தார் பலர். அங்கே 1894இல் இந்தியரின் வாக்குரிமையைப் பறிக்கும் மசோதா வந்தது. தாதா அப்துல்லாவின் வழக்குக்காகச் சென்றிருந்த காந்தியார் ஊர் திரும்புவதை ஒத்திவைத்தார். பத்தாயிரம் பேர் அளவில் கையெழுத்திட்ட மனு குடியேற்ற நாடுகளின் அமைச்சர் ரிப்பன் பிரபுவுக்கு அனுப்பப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் நேட்டால் இந்தியக் காங்கிரசு தோன்றியது. அதன் முதல் தலைவர் அப்துல்லா ஹாஜி ஆதம். அம்மசோதா தடுக்கப்பட்டது, ஆனால் 1896இல் வேறு சொற்களில் அதே நோக்கம் சட்டமாயிற்று. மனு எப்போதும் வெல்லும் என்று எவரும் சொல்லவில்லை. தோற்றபோதும் அது ஒன்றைச் செய்கிறது: கேட்டவர் யார், மறுத்தவர் யார் என்பதை எழுத்தில் நிறுத்திவிடுகிறது. பின்னர் வருவோர் அங்கிருந்து தொடங்கலாம்.

நம் தமிழ் முஸ்லிம் எழுத்து மரபிலும் இதற்கு முன்மாதிரிகள் உண்டு. 1882இல் கண்டியில் சித்தி லெவ்வை தொடங்கிய ‘முஸ்லிம் நேசன்’, 1887இல் சிங்கப்பூரில் மகுதூம் சாகிபு நடத்திய ‘சிங்கை நேசன்’ ஆகிய இரண்டும் பொதுவாழ்வில் தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய குரல்கள். சித்தி லெவ்வையைப் பற்றிப் பேசும்போது நாம் ‘அசன்பே சரித்திரம்’ தமிழின் முதற் புதினங்களுள் ஒன்று என்று பெருமை கொள்கிறோம். அவர் பத்திரிகையாளராகச் செய்த வேலையை அடிக்குறிப்பாக்கிவிடுகிறோம். புலம்பலுக்கு முதலிடம் தந்து மனுவைப் பின்னுக்குத் தள்ளும் பழக்கம் நம் திறனாய்விலும் இருக்கிறது என்பதற்கு இது சான்று.

தீவான் என்னும் சொல்

இவ்விடத்தில் அரபுச் சொல் ஒன்று நமக்கு உதவும். தீவான் என்றால் ஒரு கவிஞரின் பாடல் தொகுப்பு என்று அரபு பயில்வோர் அறிவர். அதே சொல்லுக்குப் பதிவேடு என்ற பொருளும் உண்டு. கலீஃபா உமர் (ரலி) காலத்தில் மக்களின் பெயர்கள் பதியப்பட்டு, பைத்துல் மாலிலிருந்து அவரவர்க்கு உரிய தொகை வழங்கப்பட்ட அந்தப் பேரேடும் தீவான்தான். நம் நாட்டுத் ‘திவான்’ பதவியும் அங்கிருந்து வந்த சொல்லே. ஒரு மொழி, பாடலைத் தொகுக்கும் ஏட்டுக்கும் பெயரைப் பதியும் ஏட்டுக்கும் ஒரே சொல்லை வைத்திருப்பது சிந்திக்கத்தக்கது.

உமர் (ரலி) அவர்களைப் பற்றி வரலாற்றாசிரியர்கள் கூறும் ஒரு நிகழ்ச்சி நம் மாணவர் அனைவரும் அறிந்ததே. மதீனாவின் புறத்தே வந்து தங்கிய வணிகர் கூட்டத்துக்கு அவர் இரவில் காவல் இருந்தபோது ஒரு குழந்தை அழுதுகொண்டே இருந்தது. தாயிடம் காரணம் கேட்டார். பால் மறந்த பிள்ளைகளுக்குத்தான் கலீஃபா தொகை ஒதுக்குகிறார். அதனால் இதற்குச் சீக்கிரமே பால் மறக்கடிக்க முயல்கிறேன் என்றாள், கேட்டவர் யாரென்று அறியாமல். மறுநாள் அவர் ஆணையிட்டார்: பிறந்த குழந்தை ஒவ்வொன்றின் பெயரும் பதியப்படட்டும்.

இந்நிகழ்ச்சியை நாம் பெரும்பாலும் கலீஃபாவின் இளகிய மனத்துக்குச் சான்றாகவே மேடைகளில் எடுத்துரைக்கிறோம். அவர் அன்று அழுதார் என்பதையே அழுத்திச் சொல்கிறோம். எனக்கோ, அழுகைக்குப் பின் நடந்தது முதன்மையானதாகப் படுகிறது. கேட்ட அழுகுரல் ஏட்டின் விதியை மாற்றியது. அக்குழந்தைக்கு மட்டும் ஒரு பிடி பேரீத்தம்பழம் கொடுத்து அனுப்பியிருந்தால் அது தர்மமாக இருந்திருக்கும். விதி மாறியதால், அவர் காதில் விழாத குழந்தைகளுக்கும் அது உரிமையாயிற்று. வெளியூரிலிருந்து வந்து ஊர்ப்புறத்தில் தங்கியிருந்தவர்களின் குழந்தை அது என்பதையும் நோக்கவேண்டும். செல்வத்தில் கேட்பவனுக்கும் கேட்க இயலாதவனுக்கும் உள்ள பங்கைத் திருமறை ‘ஹக்’ என்றே குறிக்கிறது. ஹக் என்றால் உரிமை. அதைச் சலுகை என்று மொழிபெயர்க்கும் உரிமை நமக்கு இல்லை.

எனவே இரக்கத்தைத் தள்ளிவிட்டு மனுவை ஏற்றவேண்டும் என்பது நம் வாதமன்று. பாரதியாரின் பாடல் இல்லாமல் ஒப்பந்த முறையின்மேல் வெறுப்பு வளர்ந்திராது என்று ஒருவர் சொன்னால் ஒப்புக்கொள்ளலாம். பாடலின் தீவான் பதிவேட்டின் தீவானுக்கு இட்டுச் செல்லவேண்டும் என்பதே நாம் வேண்டுவது. முதலாவதோடு நின்றுவிட்டால், அழுதவன் அழுதவனாகவே இலக்கியத்தில் உறைந்துவிடுகிறான். நூறாண்டு கழித்தும் அவனைப் பார்த்து நாம் கண் கலங்குகிறோம். அவன் எழுந்து நின்று வாதாடியது நமக்குத் தெரியாமல் போகிறது. பிஜிப் பெண்களின் அழுகையை அறிந்த நமக்குச் சிதாம்பரோமின் பெயர் தெரியாமல் போனதற்கு வேறென்ன காரணம்?

கரீபியன் எழுத்தாளர்கள்

இரு தீவான்களும் ஒருவரிடமே கூடுவதைக் குவாதலூப்பின் பிற்கால எழுத்தில் காணலாம். எர்னெஸ்ட் முத்துஸாமி 1941இல் அத்தீவில் பிறந்தவர். ஒப்பந்தக் கூலிகளின் வாழ்வைக் கருவாகக் கொண்ட ‘ஒரோர்’ என்னும் புதினத்தையும், குவாதலூப்பின் இந்தியத் தன்மையைப் பற்றிய நூலையும் 1987இல் வெளியிட்டார். 1981 முதல் 2002 வரை பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் உறுப்பினராகவும் இருந்தார். சிதாம்பரோம் வாக்குரிமைக்காக வாதாடிய சமூகத்திலிருந்து, வாக்குப் பெற்றுப் பாரிசுக்குச் சென்ற ஒருவர் தம் முன்னோரைப் பற்றிக் கதை எழுதுகிறார். கரையில் நின்று கேட்கும் குரலுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை விளக்கவேண்டியதில்லை.

இந்திய வழித்தோன்றல் அல்லாத கரீபியன் எழுத்தாளரும் இம்மக்களைப் புறக்கணிக்கவில்லை. மார்த்தினிக்கின் ரஃபாயேல் கோன்ஃபியான் 2004இல் எழுதிய ‘நரியின் வயிறு’ என்று பொருள்படும் தலைப்புடைய புதினம், பஞ்சத்திலிருந்து தப்பித் தமிழகத்திலிருந்து அத்தீவுக்குச் செல்வோரைப் பற்றியது. அடிமைகளின் வழித்தோன்றல்கள் நிறைந்த சமூகத்தில், பின்னர் வந்த கூலிகளைக் குறைந்த கூலிக்கு வேலை செய்யவந்த போட்டியாளராகப் பார்த்த பகைமை ஒரு காலத்தில் இருந்தது. அதைக் கடந்து ஒரு மார்த்தினிக் எழுத்தாளர் தமிழரைத் தம் தீவின் வரலாற்றுக்குள் சேர்த்தெழுதியது, அன்ஸாரின் மனப்பாங்கை ஒத்தது என்று சொன்னால் மிகையாகாது.

மொரீசியசின் கவிஞர் கால் தொராபுல்லி 1992இல் ‘கூலித்துவம்’ என்று பெயர்க்கத்தக்க கருத்தை முன்வைத்தார். இழிசொல்லாக வழங்கிய ‘கூலி’யை எடுத்து, கடற்பயணத்தை ஓர் இனத்துக்கு மட்டுமன்றிப் பல மக்களுக்கும் பொதுவான அனுபவமாக ஆக்கியது அவருடைய சாதனை. ஆயினும் அக்கருத்தைப் பின்பற்றியோர் எழுத்துகளில் கப்பல், உப்பு நீர், நினைவு என்னும் உருவகங்களே பெருகியிருப்பதையும் பார்க்கிறோம். உருவகமாகிவிட்ட கூலிக்கு வாக்குச்சீட்டுத் தேவைப்படுவதில்லை. அங்கேதான் சிதாம்பரோமின் உலர்ந்த உரைநடை மீண்டும் நினைவுக்கு வரவேண்டியிருக்கிறது.

நினைவைப் பற்றிச் சொல்லும்போது, நம் வாசகர் அறியவேண்டிய செய்தி ஒன்று உண்டு. மார்த்தினிக், குவாதலூப் தீவுகளின் மாரியம்மன் வழிபாட்டில் ‘நகூர்மிரா’ என்ற பெயர் இன்றும் அழைக்கப்படுகிறது. கடலோடிகளின் காவலராகக் கருதப்பட்ட நாகூர் ஷாஹுல் ஹமீது அவர்களுடைய ‘நாகூர் மீரான்’ என்னும் பெயரே அது. கப்பலில் இந்துவும் முஸ்லிமும் ஒன்றாக அஞ்சினர். ஒரே பெயரை அழைத்தனர். பின்னர் அங்கே தமிழ் அன்றாடப் பேச்சிலிருந்து மறைந்தது. முஸ்லிம்கள் தனிச் சமூகமாக நிலைக்கவில்லை. அப்பெயர் மட்டும் கோயிலுக்குள் தங்கிவிட்டது. இத்தகைய அழைப்புகளைப் பற்றி மார்க்க அறிஞர்களிடையே உள்ள கருத்து வேறுபாட்டை நாம் அறிவோம்; அதைத் தீர்ப்பது இங்கு நம் வேலையன்று. வரலாற்று மாணவனுக்கு அது வேறொன்றைச் சொல்கிறது. ஏட்டில் பதியப்படாத மக்கள், உச்சரிப்பில் மட்டும் மிஞ்சுகிறார்கள்.

ஏடு என்பது எவ்வளவு கூர்மையான கருவி என்பதைக் கரீபியனிலிருந்து மீண்டும் புலம்பெயர்ந்தவர்கள் அண்மையில் கண்டனர். 1948 ஜூனில் ‘எம்பயர் விண்ட்ரஷ்’ என்னும் கப்பல் ஜமைக்கா முதலிய தீவுகளிலிருந்து தொழிலாளரை இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றது. அன்று முதல் 1970களின் தொடக்கம் வரை சென்றவர்களுக்கும் அவர்களுடன் சென்ற பிள்ளைகளுக்கும் அங்கு வாழும் உரிமை இருந்தது. அதை மெய்ப்பிக்கும் காகிதம் பலரிடம் இல்லை. அவர்கள் வந்திறங்கியதைக் காட்டும் பதிவுச் சீட்டுகளை அரசுத் துறையே 2010இல் அழித்துவிட்டது. பின்னர், காகிதம் காட்டு என்று அதே அரசு கேட்டது. அரை நூற்றாண்டு உழைத்தவர்கள் வேலையையும் மருத்துவத்தையும் இழந்தனர். சிலர் நாடு கடத்தப்பட்டனர். 2018இல் இது வெளிப்பட்டு உள்துறை அமைச்சர் பதவி விலகியதற்குப் பின்னால், பாதிக்கப்பட்டோருடன் அமர்ந்து ஒவ்வொருவரின் கதையையும் ஆதாரத்தோடு எழுதிய சமூகத் தொண்டர்கள், வழக்கறிஞர்கள், பத்திரிகையாளர்கள் இருந்தனர். அங்கும் வென்றது, பெயரும் தேதியும் உள்ள எழுத்து.

நம் வாசல்

இத்தனை தொலைவு சென்று வந்த பின் நம் வாசலைப் பார்ப்பது கடமையாகிறது. ஆம்பூரும் வாணியம்பாடியும் இராணிப்பேட்டையும் தோலால் வளர்ந்த ஊர்கள். ஆலைகளிலும் கிடங்குகளிலும் இன்று பீகார், ஒடிசா, அஸ்ஸாம், மேற்கு வங்கம் ஆகிய மாநிலங்களின் இளைஞர்கள் வேலை செய்கின்றனர். 2015 ஜனவரி 31 அன்று அதிகாலையில் இராணிப்பேட்டையில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் இடிந்து, அருகிலிருந்த ஆலையில் உறங்கிக்கொண்டிருந்தவர்களைக் கழிவுச் சேறு மூடியது. 10 பேர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். அவர்களைப் பற்றி நாம் அன்று வருந்தினோம். அவர்களைப் பற்றி நம் இலக்கியம் என்ன எழுதியது?

நம் மஹல்லாக்கள் இத்தொழிலாளரிடம் கல்நெஞ்சாக நடக்கின்றன என்று சொல்லமாட்டேன். ரமலானில் அவர்களுக்கு நோன்புக் கஞ்சி கிடைக்கிறது; பித்ரா அரிசி கிடைக்கிறது; ஊரில் யாரேனும் இறந்தால் பயணச் செலவுக்குப் பள்ளிவாசலில் துண்டு விரிக்கப்படுகிறது. இவையெல்லாம் நற்செயல்கள். ஆனால் அவர்களுடைய பெயர் எந்த ஏட்டில் இருக்கிறது? ஆலையின் வருகைப் பதிவேட்டிலா, ஒப்பந்தக்காரரின் சட்டைப்பையிலா? வெளிமாநிலத் தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் புகைப்படத்துடன் கூடிய கணக்குப் புத்தகம் வழங்கப்படவேண்டும் என்று 1979ஆம் ஆண்டின் சட்டம் சொன்னது. அத்தகைய புத்தகத்தை ஒருவர் கையிலும் நான் பார்த்ததில்லை, கேட்டதுமில்லை. கேட்காதது என் குறை.

சுற்றி வளைக்காமல் சொன்னால், நம் முன்னோர் நேட்டாலிலும் கண்டியிலும் கபெஸ்தேரிலும் யாராக நின்றார்களோ, அவர்களாக இன்று இவ்விளைஞர்கள் நம்மிடையே நிற்கிறார்கள். அன்று நாம் கரையில் நின்று அழுத சமூகம். இன்று தோட்டத்தை வைத்திருக்கும் சமூகம். இம்மாற்றத்தை நம் எழுத்து இன்னும் உணரவில்லை. நம் இதழ்களில் வரும் கதைகளில் வடநாட்டுத் தொழிலாளி வந்தால், கதைத்தலைவரின் ஈகையைக் காட்டுவதற்காகவே வருகிறான். உதவி பெறுகிறான், நன்றி சொல்கிறான், கதையிலிருந்து வெளியேறுகிறான். அவன் ஒருமுறை கேள்வி கேட்டால் அக்கதை வேறாகிவிடும்.

திருத்தப் பணி நடந்த நாட்களில் எங்கள் மாணவர் சிலர் அஸருக்குப் பின் முதியவர்களுக்குப் படிவம் எழுதிக் கொடுத்தனர். அரபு எழுத்தணியில் கைதேர்ந்த அம்மாணவர்களுக்கு ஒரு பெயரை மூன்று ஆவணங்களில் ஒன்றுபடுத்தி எழுதுவது எவ்வளவு கடினம் என்று அப்போதுதான் புரிந்தது. அவர்களுள் ஒருவர், இதுவும் கிதாபத்தானே ஹஜ்ரத் என்று கேட்டார். ஆம் என்றேன். எழுத்தின் மிகப் பழைய வேலை அதுதான்.

ஜூலையில் வந்த பீகார் இளைஞரின் படிவத்தை அன்று பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்து வாசித்து விளக்கினேன். பிறந்த ஊர், தந்தை பெயர் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தவர், இறுதியில், என் பெயரைச் சரியாக எழுதுங்கள், முன்பு ஒருவர் தவறாக எழுதிவிட்டார் என்றார். எழுத்துக் கூட்டி மூன்று முறை சொன்னார். மூன்றாம் முறை நான் எழுதியதை விரல் வைத்துப் பார்த்துச் சரி என்றார்.